அத்தியாயம் 4: குழந்தைக்குக் காது கேட்கவில்லை, காரணத்தை எங்கே தேடுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால், வீட்டார் முதலில் கைகாட்டுவது ரோலிங் மில்லைத்தான். இரவு பகலாகக் கம்பி உருட்டுகிறார்கள், லாரி ஓய்வதில்லை, இதில் பச்சைக் குழந்தையின் காது என்னத்துக்கு ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியும்கூட. உலைக்கும் உருளைக்கும் பக்கத்தில் காதடைப்பு இல்லாமல் வருடக்கணக்கில் வேலை பார்த்தவருக்குக் காது மந்தமாவது இந்தப் பகுதியில் தெரிந்த விஷயம். ஆனால் பிறந்த குழந்தைக்கோ இரண்டு வயதுப் பிள்ளைக்கோ காது கேளாமல் போனதற்கு வெளியிலிருந்து வரும் மில் சத்தம் காரணமாக இருப்பது மிக அரிது. பெரும்பாலும் காரணம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது. இல்லாவிட்டால் கர்ப்பகாலத்துக் காய்ச்சலில், பிரசவ அறையில், முதல் வாரத்து மஞ்சள் காமாலையில், கவனிக்காமல் விட்ட காதுச் சீழில் இருக்கிறது. மில்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இதில் ஒன்றையும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அடுத்த குழந்தைக்கும் அதே கதி நேரலாம்.

குழந்தைகளின் கேளாமையில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதனால்தான் காரணத்துக்கென்று இந்த நூலில் ஒரு முழு அத்தியாயம். அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், பெற்றோர் மூவரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவியும் பேச்சுப் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. காரணம் தேடும் வேலை இதற்குப் பக்கத்தில் நடக்கலாம். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகும் கணிசமான குழந்தைகளுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. அவர்களுக்கும் கருவி அதே ஆறாவது மாதத்தில்தான் வேண்டும்.

பிறவிக் கேளாமை வெளியே தெரியாது. குழந்தை அழும், சிரிக்கும், முதல் ஆறு மாதத்துக்கு மழலை ஒலிகூட எழுப்பும். அங்கன்வாடியில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஆயா, பேரன் கூப்பிட்டா திரும்புறானா?"

"திரும்பாம என்ன டீச்சர்? தட்டு கீழே விழுந்தா டக்குனு பார்க்கிறான். இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான். நாக்குல வசம்பு தேய்ச்சிட்டு வர்றேன், வந்துடும்."

"அவன் பார்க்காதப்போ பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"அப்படிக் கூப்பிட்டதில்லையே."

"மருமக சொந்தமா ஆயா?"

"என் மூத்த பொண்ணோட பொண்ணுதான். வெளியில எதுக்குப் போவணும்னு பையனுக்கே கட்டி வெச்சேன்."

இந்தச் சின்னப் பேச்சில் இரண்டு விஷயம் கிடைத்துவிட்டது. தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது, கண்ணோரத்தில் அசைவும் தெரிகிறது. காது கேளாத குழந்தையும் திரும்பும். கை தட்டிப் பார்ப்பதும் இதே கோளாறுதான், காற்று முகத்தில் படும். ஆறு மாதத்துக் குழந்தை பார்க்காத பக்கத்திலிருந்து வரும் கிலுகிலுப்பைச் சத்தத்துக்கும், ஒன்பது மாதத்துக் குழந்தை பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லும் தன் பேருக்கும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வசம்பையும் நாக்குக் கட்டையும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. திரும்பினாலும் சந்தேகம் இருந்தால் கருவிப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

இரண்டாவது விஷயம், சொந்தத்தில் கட்டியது.

சொந்தத்தில் திருமணமும் மரபணுவும்

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்குச் சற்று மேல் உறவுக்குள் நடக்கிறது என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இந்தியாவிலேயே இந்த வழக்கம் அதிகமுள்ள மாநிலங்களில் நம்முடையது ஒன்று. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஆந்திர எல்லையோரத்தில் அத்தை மகள், மாமன் மகள் மட்டுமல்லாமல், அக்கா மகளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதும் உண்டு.

இதில் ஆபத்து எப்படி வருகிறது? காது கேட்பதற்குத் தேவையான மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி நமக்கு வருகிறது. ஒரு படி பழுதானாலும் மற்றது வேலை செய்வதால் அந்த ஆளுக்குக் காது நன்றாகவே கேட்கும். தன்னிடம் பழுது இருப்பதே அவருக்குத் தெரியாது. அதே பழுது துணையிடமும் இருந்தால், இருவரிடமிருந்தும் பழுதான படியே பிள்ளைக்கு வர நாலில் ஒரு வாய்ப்புண்டு. ஒரே தாத்தா பாட்டி வழி வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் அதிகம். தாய்மாமன் திருமணத்தில் இரத்தப் பங்கு அத்தை மகள், மாமன் மகள் திருமணத்தைவிட இரண்டு மடங்கு. இந்தியாவில் அதிகம் காணப்படும் பழுது கனெக்சின் 26 என்ற புரதத்தை உருவாக்கும் ஜிஜேபி2 மரபணுவில் இருக்கிறது.

நடைமுறையில் நான் அடிக்கடி கேட்கும் தவறான கணக்கு ஒன்று: "நாலில் ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாங்க, முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது." அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாக நாலில் ஒன்று. அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளுக்கு வந்த வீடுகள் உண்டு. ஆகவே முதல் பிள்ளைக்குக் கேளாமை என்றால், இரண்டாவது பிள்ளை பிறந்த மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களை, அதிலும் தாயை, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். உறவுக்குள் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. வெளியில் மணந்தவர்களுக்கும் மரபணுக் கேளாமையோடு குழந்தை பிறப்பதுண்டு. பழுது இருவரிடமிருந்தும் சமமாக வருகிறது. மாமியார் மருமகளைச் சொல்வதும், கணவன் வேறு கல்யாணம் பேசுவதும் மருத்துவ அறிவுக்கும் பொருந்தாது, மனிதத்துக்கும் பொருந்தாது.

மரபணுக் கேளாமையில் சில வகைகள் வேறு உறுப்புகளையும் தொடும். முன்நெற்றியில் ஒரு கற்றை நரை, வெளிர் நீலக் கண் இருந்தால் ஒரு வகை. மாலை மங்கியதும் தடுமாறினால் இன்னொரு வகை, பார்வையும் படிப்படியாகக் குறையும். மூன்றாவதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பிறவிக் கேளாமையுள்ள குழந்தை ஓடும்போதோ அழும்போதோ மயங்கி விழுந்தால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். காதோடு சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடும் நோய் ஒன்று உண்டு. வலிப்பு என்று தவறாக எண்ணி விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றில் இருக்கும்போது

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் பலருக்குக் கர்ப்பகாலத்தில் இந்த அம்மை வந்திருந்ததைக் கவனித்தார். அதன் பிறகுதான் உலகம் இதைப் புரிந்துகொண்டது. தாய்க்கு இது இரண்டு மூன்று நாள் சிவப்புத் தடிப்பும் லேசான காய்ச்சலும்தான். வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மறந்தும் போவார்கள். "மாசமா இருக்கும்போது உடம்பெல்லாம் பொரிப்பொரியா வந்துச்சா?" என்று நீங்கள் குறிப்பாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையானவர்களுக்குப் போட்டார்கள். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலருக்கு இந்த ஊசி கிடைத்திருக்காது. அவர்கள்தான் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். திருமணம் நிச்சயமான பெண்ணுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். கர்ப்பத்தில் போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும்.

ரூபெல்லாவைவிட மறைவானது சைட்டோமெகலோ வைரஸ். பெயர் வாயில் நுழையாது, ஆனால் மரபணு சாராத பிறவிக் கேளாமைக்கு உலகளவில் முதன்மையான காரணம் இதுதான். சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். மூத்த பிள்ளை மிச்சம் வைத்த எச்சில் சோற்றைக் கர்ப்பிணித் தாய் வாயில் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் தினமும் நடப்பது. அதை அந்த ஒன்பது மாதத்துக்கு மட்டும் நிறுத்தினால் நல்லது, மூத்ததின் துணி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் இன்னும் நல்லது. பிறந்த 21 நாளுக்குள் குழந்தையின் எச்சில் அல்லது சிறுநீரைச் சோதித்தால்தான் இது பிறவித் தொற்று என்று உறுதி சொல்ல முடியும். இந்த வைரஸ் பாதித்த குழந்தை பிறந்தபோது பரிசோதனையில் தேறிவிட்டு, இரண்டு மூன்று வயதில் கேட்கும் திறனை இழக்கக்கூடும்.

இனி மில் சத்தம். வீட்டுக்கு வெளியே கேட்கும் ஆலைச் சத்தம் வேறு, கர்ப்பிணி தானே இயந்திரத்துக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பது வேறு. ஸ்வீடனில் 1986 முதல் 2008 வரை பிறந்த சுமார் 14 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கர்ப்பகாலம் முழுக்க 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் முழுநேர வேலை பார்த்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் செவித்திறன் குறைபாடு ஏறத்தாழ 1.8 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தப் பெண்களிலும் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒதுக்கக்கூடிய செய்தி இல்லை. கவனிக்க வேண்டியது: காதடைப்பு தாயின் காதைத்தான் காக்கும், வயிற்றில் உள்ள குழந்தைக்கு அது உதவாது. கனத்த, தாழ்ந்த சத்தங்கள் வயிற்றைத் தாண்டிப் போகும். ஐந்தாறு மாதத்தில் கருவுக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. எதிரில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டிய இடம் 85 டெசிபலைத் தாண்டியது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து பேக்கிங், ஸ்டோர்ஸ் போன்ற அமைதியான பிரிவுக்கு மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பெண் தனியாகக் கேட்கத் தயங்குவார், செவிலியர் கூடப் பேசினால் காரியம் நடக்கும்.

ஆலையிலிருந்து வீட்டுக்கு வருவதில் சத்தத்தைவிட நான் பயப்படுவது ஈயத்துக்கு. பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் வேலைக்குப் போகிறவரின் சட்டையிலும் செருப்பிலும் தூசியாக வரும். தவழும் குழந்தை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கேட்கும் திறனையும் குறைக்கக்கூடும். வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்றிவர வேண்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

பிறந்த முதல் சில வாரங்கள்

குறைமாதம், 1500 கிராமுக்குக் கீழ் எடை, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, வெண்டிலேட்டரில் வைத்தது, பிள்ளையை ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தது: இதில் ஒன்று இருந்தாலும் காதுப் பரிசோதனை கட்டாயம். அதிலும் எந்தப் பரிசோதனை என்பது முக்கியம். காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடத்தில் எடுக்கும் ஓ.ஏ.ஈ. சோதனை உட்காதின் நுண்செல்களை மட்டும் பார்க்கும். தலையில் ஒட்டுப்பட்டை வைத்து எடுக்கும் பெரா சோதனை, செய்தி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும்.

மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கு இந்த வேறுபாடு வாழ்க்கையையே தீர்மானிக்கும். காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் மிக அதிகமாகும்போது அது தாக்குவது பெரும்பாலும் நரம்புப் பாதையைத்தான். ஓ.ஏ.ஈ. தேறிவிடும், "காது நல்லா இருக்கு" என்று சீட்டு வரும், குழந்தைக்குச் சொல் எதுவும் தெளிவாகப் போய்ச் சேராது. ஆகவே தீவிர சிகிச்சையிலிருந்த குழந்தைக்கும், இரத்தம் மாற்றும் அளவுக்குக் காமாலை போன குழந்தைக்கும் பெராதான் கேட்க வேண்டும். காமாலை முற்றாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றைக்கே மருத்துவமனை. காலை வெயிலில் காட்டுவதும், பச்சிலை கொடுப்பதும், மந்திரிப்பதும் அங்கே நீல ஒளியில் வைப்பதற்கு ஈடாகாது. தாய்க்கு ரீசஸ் நெகட்டிவ் இரத்தம் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பச்சிளம் குழந்தையின் இரத்தத் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் காதைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவை உயிரைக் காப்பவை. ஆனால் தாய்வழி உறவில், அதாவது தாய், அம்மாயி, தாயின் உடன்பிறந்தோர் ஆகியோரில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போயிருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில குடும்பங்களில் சிறு அளவு மருந்துக்கே காது போகும் இயல்பு தாய்வழியாக மட்டும் இறங்கும்.

வளரும் வயதில்

மூளைக்காய்ச்சலுக்குப் பின் கேளாமை வந்தால் நாள் எண்ணிச் செயல்பட வேண்டும். உட்காதின் நத்தைச்சுருள் அழற்சியால் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால் காக்ளியர் கருவி பொருத்துவதே கடினம். குழந்தை வீடு திரும்பும் முன்பே பெரா எடுத்துவிடுங்கள். இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றுக்கு எதிரான மருந்து ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருக்கிறது, தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாக அதைத் தொடங்கின. நியூமோகாக்கஸ் ஊசி 2021-இல் சேர்ந்தது. பொன்னுக்கு வீங்கி சில பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கக் காதை முழுதாகப் பறித்துவிடும். அரசு அட்டவணையிலுள்ள எம்.ஆர். (தட்டம்மை ரூபெல்லா) ஊசியில் அதற்கு மருந்து இல்லை, தனியாரிடம் எம்.எம்.ஆர். போட வேண்டும்.

அங்கன்வாடியில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நடுக்காது நீர்தான். சளி பிடித்தபின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கும், கேட்பது மங்கும், சில வாரத்தில் தெளியும், மறுபடி வரும். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அடி வாங்கும். படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பது, வீட்டில் பீடி சிகரெட் புகை, விறகுப் புகை, மூக்கடைப்பு எல்லாம் இதைக் கூட்டும். குளிப்பாட்டும்போது காதில் ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே உள்ளே போகும். காதில் சீழ் வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக்கி ஒற்றி எடுங்கள், தண்ணீர் புகாமல் பாருங்கள், காது மருத்துவரிடம் காட்டுங்கள். "சீழ் வடிந்தால் தானா நின்னுடும்" என்று வருடக்கணக்கில் விட்டால் எலும்பு அரித்து மூளை வரை போகலாம். பொம்மையிலிருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை காதில் போட்டுக்கொண்டால் சொட்டு மருந்தோ தண்ணீரோ விடாதீர்கள். சில மணி நேரத்தில் அது காதின் தோலை எரித்துவிடும், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவையும், குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையத்தையும் விசாரியுங்கள். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. புறநகர் ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, பல குடும்பங்களுக்கு அதுவே சுலபம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அந்த வயது வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை, முதல் இரண்டு வயதுக்குள் பொருத்திய பிள்ளைகளின் பேச்சுதான் நன்றாக வருகிறது.

கையில் மூன்று காகிதம் இருக்கட்டும்: தாய்சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசிப் பதிவு. எத்தனை நாள் தீவிர சிகிச்சை, பிலிருபின் எவ்வளவு, எந்த ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடிப்பது பாதி அதை வைத்துத்தான்.

செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களிடம் இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் சொந்த ஊரில் கிடக்கும். ஊருக்குப் போன் செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழைக்கு முன் அவர்கள் திரும்பிவிடுவார்கள். அதனால் சூளைப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த முகாம் வரட்டும் என்று காக்காமல் அந்த வாரமே பெராவுக்கு அனுப்புங்கள். முடிவின் நகல் ஒன்றைத் தாயிடம் கொடுத்து, இன்னொன்றை அங்கன்வாடிக் கோப்பில் வையுங்கள். அவர்கள் ஊர் ஆஷா ஊழியரின் எண்ணையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.